வட்டி ஏறுது: 'அக்ரூ' என்ற ஆங்கிலச் சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மதுரையில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "நகைக்கடன் ஸ்டேட்மென்ட்டில் 'அக்ரூட் இன்ட்ரஸ்ட்' என்று ஒரு தொகை நிற்கிறது. அதைக் கட்டச் சொல்லி இன்னும் யாரும் கேட்கவில்லை. அகராதியில் பார்த்தால் அக்ரூ (accrue) என்றால் 'கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்தல்' என்று இருக்கிறது. சரி என்று நினைத்து ஒரு மெயிலில் 'ஐ அக்ரூட் டென் தவுசண்ட் ருபீஸ் ஃப்ரம் மை சேலரி' என்று எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு 'சேவ்டு' என்று போட்டார். சேர்வதுதானே பொருள், அப்புறம் என்ன தப்பு?"

தம்பி, மேலாளர் திருத்தியது சரி. அகராதி சொன்னதும் சரி. இடையில் இருக்கிற சிக்கல், எது சேர்கிறது, யார் சேர்க்கிறார் என்பதில் இருக்கிறது.

தெற்காவணி மூல வீதியில் நகையை வைத்துப் பணம் வாங்கிய ஒருவரைக் கேட்டால் "வட்டி ஏறிக்கிட்டே போகுது" என்பார். "வட்டி ஓடுது" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டிலும் வினை செய்வது வட்டி. கடன் வாங்கியவர் சும்மா இருக்கிறார், கொடுத்தவரும் சும்மா இருக்கிறார், வட்டி மட்டும் ஏறுகிறது. "நான் வட்டியை ஏறினேன்" என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம். ஏறுவது தன்வினை, ஏற்றுவது பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதே கணக்குத்தான். அக்ரூ அடிப்படையில் தன்வினை. 'இன்ட்ரஸ்ட் அக்ரூஸ்' என்று வட்டியை எழுவாயாக வைத்தால் வாக்கியம் தானாக நிற்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பத்தாயிரம் ஒதுக்கியது நீங்கள். உங்கள் கை அதில் பட்டிருக்கிறது. அதற்கு 'சேவ்டு' தான் சொல்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அக்ரூ வரும் இடத்தில் பெரும்பாலும் ஓர் உரிமையோ கடப்பாடோ பின்னால் இருக்கும். ஓர் ஒப்பந்தம், ஒரு சட்டம், ஒரு வேலை விதி. அதன் பேரில், நாள் நகர நகர ஒருவருக்கு வர வேண்டியது கூடுகிறது, இன்னொருவர் கொடுக்க வேண்டியதும் கூடுகிறது. பணம் இன்னும் கை மாறவில்லை. ஆனால் உரியது ஆகிவிட்டது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் நிற்கும் தொகைக்குப் பொருள் அதுதான்: இன்று வரைக்கும் நீங்கள் கடன்பட்டுவிட்ட வட்டி, கட்டும் நாள் இன்னும் வரவில்லை.

தமிழில் 'சேர்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடலாம் என்பதால்தான் இங்கே தடுமாற்றம் வருகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றுக்குள் கூட்டம் சேர்கிறது: அது 'கேதர்'. 1959-ல் திறந்த வைகை அணையில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருக்கிறது: அது 'அக்யூமுலேட்'. நகைக்கடனுக்கு வட்டி சேர்கிறது: அதற்குத்தான் 'அக்ரூ'. வண்டலுக்கு யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. வட்டிக்குப் பட்டிருக்கிறோம்.

இனி கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வங்கியில் 1,00,000 ரூபாய் நகைக்கடன், ஆண்டுக்கு 9% தனிவட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறுவது 1,00,000-ஐ 0.09-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தது, அதாவது 24 ரூபாய் 66 காசு. 30 நாளில் சுமார் 740 ரூபாய். 100 நாளில் சுமார் 2,466 ரூபாய். நூறாவது நாள் நீங்கள் வங்கிப் பக்கமே போகவில்லை என்றாலும் அந்த 2,466 உங்கள் பேரில் நிற்கும். ஆங்கிலத்தில் இதை எழுதும்போது வட்டி கடன் 'மீது' ஏறுகிறது: 'அக்ரூஸ் ஆன் த லோன்'. விகிதத்துக்கு 'அட்' வரும், தொடங்கிய தேதிக்கு 'ஃப்ரம்' வரும். யாருக்குச் சேர்கிறது என்று சொல்ல 'டு' வரும்: 'அக்ரூஸ் டு த பேங்க்'. இந்த 'ஆன்', 'டு' இரண்டையும் பிரித்துப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எதன் மேல் என்றால் 'ஆன்', யாருக்கு என்றால் 'டு'.

நகைக்கடன் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த ஏறும் வட்டி இப்போது இன்னொரு விதத்திலும் முக்கியமாகிவிட்டது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்து, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாக் கடன் நிறுவனங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று சொன்ன விதிகளின்படி, வீட்டுச் செலவுக்கு வாங்கும் நகைக்கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85% வரை கொடுக்கலாம். இரண்டரைக்கு மேல் ஐந்து லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. முதலையும் வட்டியையும் கடைசியில் ஒரே தவணையாகக் கட்டித் திருப்பும் கடன் என்றால், முதிர்வு நாளில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை வைத்துத்தான் இந்த வரம்பைப் பார்க்க வேண்டும். அதாவது இனிமேல் ஏறப்போகும் வட்டியும் வரம்புக்குள் அடங்க வேண்டும். ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்கு ஓராண்டுக்கு 9% வட்டியில் வாங்கினால், கையில் கிடைக்கக்கூடியது 85,000 இல்லை. 85,000-ஐ 1.09-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 77,980. "85 பர்சென்ட் தர்றேன்னு சொன்னாங்க, கம்மியா குடுத்துட்டாங்க" என்று யாராவது வருத்தப்பட்டால் இதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

நம் பக்கத்தில் "நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி" என்று பேசினால் அது மாதக் கணக்கு. ஆண்டுக்கு 24%. லட்சத்துக்கு மாதம் 2,000. மாதம் தாண்டி ஒரு நாள் போனாலும் முழு மாத வட்டி கேட்கும் வழக்கம் அடகுக் கடைகளில் உண்டு. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை ஒற்றைச் சொல்லில் காட்டலாம்: வங்கியில் 'அக்ரூஸ் டெய்லி', அங்கே 'அக்ரூஸ் மன்த்லி'. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தேட வேண்டிய சொற்கள் இவை. ஒரு நாள் முன்னதாகத் திருப்பினால் ஒரு நாள் வட்டி குறையுமா, ஒன்றும் குறையாதா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

தண்டலுக்கு மட்டும் இந்தச் சொல் பொருந்தாது. பத்தாயிரம் என்று எழுதிவிட்டு 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பதைச் சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே வட்டி ஏறவே இல்லை. முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். நாள் ஓடி உரிமை உண்டாவதற்கு முன்பே எடுத்துக்கொண்டதற்கு 'டிடக்டட் அப்ஃப்ரன்ட்' என்று சொல்ல வேண்டும். அந்த நூறு நாளில் 8,500-க்கு 1,500 என்றால் பார்வைக்கே 17%-க்கு மேல். தினமும் முதல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான விகிதம் இன்னும் மிக அதிகம். தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் இருக்கிறது. அப்படியும் இந்த முறை ஓடிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையாகவே வேதனை.

அடுத்து, ஏறுவதும் வரவு வைப்பதும் ஒன்றில்லை. இதில் படித்தவர்களே குழம்புகிறார்கள். சேமிப்புக் கணக்கில் 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்னால் மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரைக்குமான குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. இப்போது தினமும் 'அக்ரூ' ஆகிறது, ஆனால் பாஸ்புக்கில் 'கிரெடிட்' ஆவது பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட நாட்களில் அந்த வட்டி உங்களுடையதுதான், ஏ.டி.எம்.மில் எடுக்க முடியாது, அவ்வளவே. பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரைக்குமான குறைந்த இருப்புக்கு மாதாமாதம் வட்டி கணக்காகி, மார்ச் முடிவில் ஒரேயடியாக வரவாகிறது. 5-ஆம் தேதிக்குள் பணம் போடுங்கள் என்று தபால் நிலையத்தில் சொல்வது இதனால்தான். 6-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் ஏறாது.

'காம்பவுண்ட்' மூன்றாவது சொல். ஏறிய வட்டி முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறத் தொடங்கினால்தான் அது வட்டிக்கு வட்டி. தேசிய சேமிப்புப் பத்திரத்தில் மூன்றும் ஒரே இடத்தில் நடப்பதைப் பார்க்கலாம். 10,000 ரூபாய்க்கு 7.7% என்று வைத்தால் முதலாண்டு 770 ரூபாய் ஏறுகிறது. இரண்டாம் ஆண்டு 10,770-க்கு வட்டி, அதாவது 829 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் 14,490 கையில் வருகிறது. ஆண்டுதோறும் அக்ரூ ஆகிறது, ஆண்டுதோறும் காம்பவுண்ட் ஆகிறது, கொடுப்பது மட்டும் கடைசியில் ஒரே தடவை.

என் வேலை வரிக்கணக்கு எழுதுவது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மில் தொழிலாளர்களும் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வினைச்சொல்லில்தான் வந்து முட்டுகின்றன. "ஃபிக்சட் டெபாசிட் முடிய இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. ஒத்த ரூபா வட்டி வாங்கல. எப்பிடி டி.டி.எஸ். பிடிச்சாங்க?" என்று கேட்பார்கள். அவர்கள் போட்டிருப்பது வட்டியைக் கடைசியில் சேர்த்து வாங்கும் டெபாசிட். வங்கி ஆண்டுதோறும் அந்த வட்டியைக் கொடுக்க வேண்டியதாகத் தன் புத்தகத்தில் எழுதிவிடுகிறது. 2025 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் அந்தத் தொகை ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், டி.டி.எஸ். என்ற வரிப் பிடித்தம் உண்டு. கைக்கு வந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே பெற்ற வருமானத்தோடு 'அக்ரூ ஆர் அரைஸ்' என்று தனியாகச் சொல்லி, பெறாமல் உரியதாகிவிட்ட வருமானத்தையும் வரிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். தனி நபர்கள் வட்டி வருமானத்தைக் கைக்கு வந்த ஆண்டில் காட்டும் முறையையும் தொடர்ந்து கடைப்பிடிக்கலாம். ஆனாலும் ஆண்டுதோறும் ஏறியதை அந்தந்த ஆண்டே காட்டிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாண்டு வட்டி ஒரே ஆண்டில் விழுந்தால் வரி விகிதம் மேலே போய்விடலாம். பிடித்த வரியும் காட்டிய வருமானமும் வேறு வேறு ஆண்டில் நின்றால் விளக்கம் சொல்லியும் தீராது.

இனி உங்கள் அலுவலகத்தில் இந்தச் சொல் பிறவினையாக வரும் இடம். மேலாளர் நாளைக்கே "வி அக்ரூட் எய்ட்டீன் தவுசண்ட் ஃபார் எலெக்ட்ரிசிட்டி" என்று எழுதினால், நேற்று சொன்னதற்கு மாறாக எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள். அது கணக்காளர் மொழி. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதக் கரண்ட் பில் ஏப்ரலில் வருகிறது. ஆனால் கடையில் விளக்கு எரிந்தது மார்ச் 31-க்குள். அந்தச் செலவு அந்த ஆண்டுக்கு உரியது. அதனால் பில் வரும் முன்னரே தொகையைச் செலவாகவும், கொடுக்க வேண்டியதாகவும் எழுதிவிடுகிறோம். தமிழ்வழியில் படித்திருந்தால் 'கொடுபட வேண்டிய செலவு' என்று பதிந்திருப்பீர்களே, அதேதான். இங்கே தானாக ஏறியதை ஒருவர் புத்தகத்தில் ஏற்றுகிறார், அதனால் பிறவினை. நம் ஆடிட்டர் அலுவலகங்களில் இதையே "புரொவிஷன் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். கறாராகப் பார்த்தால் தொகை ஏறக்குறைய தெரிந்திருந்தால் 'அக்ரூவல்', மதிப்பிட்டுத்தான் சொல்ல முடியும் என்றால் 'புரொவிஷன்'. பேச்சில் இரண்டும் கலந்து கிடக்கும், எழுதும்போது மட்டும் பிரித்து எழுதுங்கள்.

தீபாவளி போனஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊழியர் கையில் அது ஐப்பசியில்தான் போய்ச் சேர்கிறது. ஆனால் போனஸ் சட்டத்துக்குள் வரும் நிறுவனத்தில் குறைந்தது 8.33% என்ற அந்த உரிமை, முந்தைய ஏப்ரலிலிருந்து மார்ச் வரை அவர் வேலை பார்த்த ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக உண்டானது. மார்ச் கணக்கை முடிக்கும்போது அதை எழுதாமல் விட்டால் லாபம் பொய்யாக அதிகம் தெரியும். கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனம் கணக்கை இப்படித்தான் வைக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டமே சொல்கிறது. விளக்குத்தூண் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருப்பவர் ரொக்கம் வந்தபோது வரவு, போனபோது செலவு என்று எழுதிக்கொள்ளலாம், தடையில்லை.

விடுப்புக்கும் இந்தச் சொல் உண்டு. 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பள விடுப்பு என்பது ஆலைத் தொழிலாளர்களுக்குப் பழகிய கணக்கு. 'லீவ் அக்ரூஸ்' என்றும் எழுதலாம், 'எம்ப்ளாயீஸ் அக்ரூ லீவ்' என்றும் எழுதலாம். ஆளை எழுவாயாக வைப்பதை அலுவலக ஆங்கிலம் இந்த இடத்தில் தாராளமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

வங்கியில் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது என்.பி.ஏ. என்ற வாராக்கடன் வகைக்குப் போகிறது. அதன் பிறகு ஏறும் வட்டியை வங்கி தன் வருமானமாகக் காட்டக்கூடாது, உண்மையில் வசூலானால்தான் காட்டலாம். "கணக்கு என்.பி.ஏ. ஆயிருச்சு, இனி வட்டி ஓடாது" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஓடும். நின்றது வங்கியின் லாபக் கணக்கில் எழுதுவது மட்டும். கடன் வாங்கியவர் பேரில் ஒப்பந்தப்படி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பணத்துக்கு வெளியே வந்தால் 'அக்ரூ டு' என்ற சேர்க்கைதான் அதிகம். 1895-ல் முடிந்த பெரியாறு அணையால் மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியது. வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, உங்கள் மேலூர் வயல்கள் வரைக்கும் வந்தது. அதனால் உண்டான நன்மைகள் விவசாயிகளுக்குச் சேர்ந்தன என்பதை 'த பெனிஃபிட்ஸ் அக்ரூட் டு த ஃபார்மர்ஸ்' என்று எழுதினால் கச்சிதமாக இருக்கும். தண்ணீரே சேர்ந்தது என்று சொல்ல இந்தச் சொல்லைப் போடக்கூடாது. நன்மை, உரிமை, பலன் போன்றவைதான் 'அக்ரூ' ஆகும். நல்லதற்கு மட்டும் என்றும் இல்லை. அபராதமும் நிலுவையும் கூட 'அக்ரூ' ஆகும். நண்பர்களோடு பேசும்போது இந்தச் சொல்லைத் தேடிப் போக வேண்டாம், 'பில்ட் அப்', 'ஆட் அப்' போதும். அறிக்கை, கடிதம், ஒப்பந்தம் என்று வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சரிக்கும்போது அழுத்தம் 'க்ரூ'வில் விழ வேண்டும். எழுத்தில் 'அக்கவுண்ட்' போலவே இரண்டு 'சி'. வளர்தல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. 'இன்க்ரீஸ்' என்ற சொல்லும் அதே வேர்தான்.

நீதிமன்ற ஆங்கிலத்தில் 'ரைட் டு சூ அக்ரூஸ்' என்று வரும். வழக்குப் போடும் உரிமை ஒரு குறிப்பிட்ட நாளில் பிறக்கிறது, அன்றிலிருந்து காலம் எண்ணப்படுகிறது என்பது அதன் பொருள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்திலேயே இந்தச் சொற்றொடர் இருக்கிறது. இங்கே மட்டும் 'அக்ரூ' கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதில்லை, ஒரே நாளில் நடந்துவிடுகிறது. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்தே 3 ஆண்டு. கேட்ட தேதியிலிருந்து இல்லை. சொந்தக்காரர்தானே என்று கேட்காமல் விட்டு, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, நாலாவது வருஷம் வக்கீலிடம் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். வட்டி ஏறியிருக்கும், வழக்குப் போடும் காலம் முடிந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தால் தேதியை இன்றைக்கே பாருங்கள். 3 ஆண்டு முடிவதற்குள் வாங்கியவர் ஒரு சிறு தொகையாவது கொடுத்து, அதை நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டால், அந்தத் தொகை கொடுத்த நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு கிடைக்கும்.